முப்பதுக்கு இருபத்தேழு

டாக்டர் ரெஹானா மூன்று மாதமாக ஒரே கேள்வியோடு குருவின் பின்னால் அலைந்தாள். "சார், கிட்டப்பார்வைக்கு மூணு லேசர் முறை இருக்கு. எது நல்லது?"

குருவான கண் டாக்டர் வேதநாயகம் பிடி கொடுக்கவில்லை.

அவளே ஒரு அட்டவணை போட்டாள். கருவிழியில் மெல்லிய ஏடு ஒன்றை வெட்டித் திறப்பது முதல் முறை. மேல்தோலைச் சுரண்டிவிட்டு லேசர் காட்டுவது இன்னொன்று. சின்னத் துளை வழியாக உள்ளிருந்து ஒரு சில்லை உருவுவது மூன்றாவது. அதைச் செய்யும் மெஷின் ஆஸ்பத்திரிக்குப் புதிது. அந்த முறைக்கு முப்பதுக்கு இருபத்தேழு மார்க் போட்டிருந்தாள். கண் என்னவோ பரீட்சை எழுதப் போவது போல.

"சரி, இந்தப் பொண்ணைப் பாரு" என்று பேச்சித்தாயை அனுப்பினார் குரு.

பேச்சித்தாய் கபடி ஆடுகிறவள். கண்ணாடியைக் கழற்றினால் கோடே தெரியாது. பத்து நாளில் மாநில ஜூனியர் அணிக்கான தேர்வு.

ரெஹானா அளந்து பார்த்தாள். கருவிழி மெலிசு. ஏடு வெட்டினால், ஆட்டத்தில் யார் முழங்கையாவது பட்டு அது விலகலாம். சில்லை உருவினால் மிச்சம் போதாது. சுரண்டுவதைத்தான் அந்தக் கண் தாங்கும். ஆனால் நாலு நாள் எரியும், பார்வை தெளிய வாரக்கணக்காகும்.

சொன்னதும் பேச்சித்தாய்க்குக் கோபம் வந்தது.

"அடுத்த வருசம் எனக்கு வயசு தாண்டிரும் டாக்டர். என் கண்ணுதானே? புது மெஷின்லயே பண்ணுங்க."

விஷயம் மேனேஜர் வரை போனது. அவருக்கும் புது மெஷின்தான் வேண்டும். ஆனால் அளந்த டாக்டரின் கையெழுத்து இல்லாமல் அங்கே யாரையும் லேசர் அறைக்குள் விடுவதில்லை.

பேச்சித்தாய் பக்கத்தில் நிற்க, குரு படிவத்தை ரெஹானா முன்னால் வைத்தார்.

"அவளும் கேக்கா, மேனேஜரும் கேக்காரு. போடும்மா."

ரெஹானாவுக்கு அழுகை முட்டியது. பயமும்தான், அவள் பயிற்சிச் சான்றிதழ் அவர் கையில் இருந்தது.

"போட மாட்டேன் சார்."

"இருபத்தேழு மார்க் போட்டது நீதானே?"

"அதைக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"நான் சொல்லியுமா?"

"நீங்க சொன்னாலும் மாட்டேன்."

பேச்சித்தாய் அவர் பக்கம் திரும்பினாள். "அப்போ நீங்களே அளந்து பண்ணுங்க சார்."

குரு பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார்.

"நானும் மாட்டேன் தாயி. என் கண்ணா இருந்தாலும் இவகிட்டதான் கொடுப்பேன்."