கொட்டாவிப்பட்டிக்குப் புது மேஸ்திரி வந்த கதை

கொட்டாவிப்பட்டிக்கு நீங்கள் போயிருக்க மாட்டீர்கள். போய் வந்தவர்கள் யாரும் அடுத்தவருக்கு வழி சொல்வதில்லை. ஊர் நல்ல ஊர்தான், மனிதர்களும் தங்கமானவர்கள். ஒன்று சொன்னால் சொன்னதை அப்படியே செய்வார்கள். அவர்களிடம் உள்ள ஒரே தொல்லை அதுதான்.

அந்த ஊர்ப் பஞ்சாயத்து ஆபீசில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. தண்ணீர் மோட்டார், தெருவிளக்கு, மத்தியானச் சங்கு மூன்றையும் அதுதான் பார்த்துக்கொள்கிறது. அதற்குள் ஒரு புரோகிராம். யாரை எப்போது எழுப்புவது, யாரை எப்போது படுக்க வைப்பது, நடுவில் விழுந்தவனை எப்படித் தூக்கி விடுவது எல்லாம் அதற்கு அத்துப்படி. ஊரார் அதற்கு மேஸ்திரி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பதோடு சரி, மற்ற நாளில் யாரும் அதன் பக்கம் போவதில்லை. அதனால்தான் ஒன்பது வருஷம் ஒழுங்காக ஓடியது.

மேஸ்திரிக்குக் காவல் மூன்று பேர். தலைவர் பூவராகன், எழுதப் படிக்கத் தெரிந்த சீராளன், அப்புறம் இடும்பன். இடும்பனுக்கு உடம்பில் பலம் அதிகம், மற்றதெல்லாம் கொஞ்சம் குறைவு.

ஒருநாள் காலையில் மேஸ்திரியின் புதுப் பதிப்பு ஒரு பென் டிரைவில் கூரியரில் வந்து இறங்கியது. பழையதை இன்றோடு கைவிடுகிறோம், இன்றைக்கே மாற்றிவிடுங்கள் என்று கம்பெனிக் கடிதமும் கூடவே வந்தது. பூவராகன் கடிகாரத்தைப் பார்த்தார். அன்று மதியம் இரண்டு மணிக்கு அவர் மகள் அல்லிக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளையின் அப்பா வைரப்பன் கறாரான ஆள். "தண்ணி இல்லாத ஊர்ல பொண்ணு எடுக்க மாட்டேன். நானே வந்து குழாயைத் திறந்து பார்ப்பேன். வந்தா தட்டு மாத்துவோம், வரலேன்னா வண்டியைத் திருப்புவோம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார். ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் இதே குழாயால் கைநழுவிப் போயிருந்தது. பாவம், அந்தப் பெண்.

பன்னிரண்டுக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கம்பெனி இன்ஜினியர் தமயந்தி போன் செய்தார். பூவராகன் கேட்டுச் சொல்லச் சொல்லச் சீராளன் நோட்டில் எழுதினான்.

"நாலே விஷயம்தான். ஒண்ணு, நான் மறுபடி போன் பண்ணி முடிஞ்சதுன்னு சொல்ற வரைக்கும் ஓடிக்கிட்டிருக்கிற எதையும் நிறுத்தக் கூடாது. ரெண்டு, இப்ப யார் யார் வேலையில இருக்காங்கன்னு பழைய மேஸ்திரி புதுசுக்கு எழுதிக் கொடுக்கும், அதைத் தொந்தரவு பண்ணாதீங்க. மூணு, பழசு எழுதினது புதுசுக்குப் புரியுதான்னு பாருங்க. நாலு, புரியலேன்னா பழைய பதிப்புக்கே திரும்பிருங்க. எதைச் செஞ்சாலும் ஒரு தடவைக்கு ரெண்டு தடவையா செய்யுங்க, ஜாக்கிரதை."

பூவராகன் போனைச் சட்டைப் பையில் போடவும் சங்கு ஊத ஆரம்பிக்கவும் சரியாக இருந்தது.

சங்கு எப்போதும் ஒரு நிமிஷம்தான் ஊதும், பிறகு மேஸ்திரி நிறுத்திவிடும். சத்தம் இறங்கத் தொடங்கியதும் பூவராகன் பதறிவிட்டார். "ஓடறதை நிறுத்தப் பாக்குது! புடிடா இடும்பா!" சுவரில் சங்குக்கென்று ஒரு பொத்தான் உண்டு. இடும்பன் பாய்ந்து அதைக் கட்டை விரலால் அழுத்திப் பிடித்தான். சங்கு மறுபடி அலறியது, அப்படியே அலறிக்கொண்டிருந்தது. அதன் பிறகு கொட்டாவிப்பட்டியில் யார் பேசினாலும் அடுத்தவர் காதுக்குள் வாயை வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது.

சீராளன் ஊரைச் சுற்றி ஓடினான். தெருக்குழாய் பதினேழிலும் பெண்கள் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். "குடம் நிறைஞ்சா நிறையட்டும், குழாயை மூடாதீங்க, தலைவர் உத்தரவு" என்றான். பக்கத்துச் சலூனில் யாரோ ஒரு வெளியூர்க்காரர் முடி வெட்டிக்கொண்டிருந்தார். அங்கேயும் நுழைந்து, மறு உத்தரவு வரும்வரை கத்திரியை நிறுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டுத்தான் திரும்பினான்.

அடுத்தது இரண்டாவது விஷயம். கம்ப்யூட்டர் முன்னால் ஒரு நோட்டை விரித்து, பேனாவின் மூடியைக் கழற்றி வைத்தார்கள். கால் மணி நேரம் ஆயிற்று. ஓர் எழுத்து விழவில்லை.

"நாம இப்படி முறைச்சுக்கிட்டு நின்னா அது எப்படி எழுதும்? கூச்சமா இருக்காதா?" என்றார் பூவராகன்.

மூன்று பேரும் முதுகைக் காட்டித் திரும்பி நின்றார்கள். விரலை எடுக்காமலே திரும்பியதில் இடும்பனுக்குத் தோள் பிசகியது. திரும்பிப் பார்த்தபோதும் நோட்டு வெறுமையாகத்தான் இருந்தது.

"ஒன்பது வருஷம் உழைச்ச மனுஷன். போகப் போறோம்னு வருத்தம். நாமளே எழுதிருவோம்" என்றான் சீராளன். மோட்டார், வேலையில் இருக்கிறது. விளக்கு, ஓய்வில் இருக்கிறது. சங்கு, வேலையில் இருக்கிறது. இடும்பன், சும்மா இருக்கிறான். கடைசி வரிக்கு இடும்பன் அழுதுவிட்டான். ஒரு மணி வரை அதைப் பற்றியே பேசி, வேலையில் இருக்கிறான் என்று திருத்திய பிறகுதான் சமாதானம் ஆனான்.

இனி பழைய மேஸ்திரியை இறக்கிவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். அங்கேதான் பூவராகனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சீராளா, பழைய மேஸ்திரி இப்ப ஓடிக்கிட்டிருக்கா?"

"ஓடிக்கிட்டுதான் இருக்கு தலைவரே."

"ஓடறது எதையும் நிறுத்தக் கூடாதுல்ல?"

"கூடாது."

"அப்ப அதை நிறுத்தாம புதுசை எப்படி ஏத்துவே?"

"பஸ்ல கண்டக்டர் மாறினா பஸ்ஸை நிறுத்தித்தானே மாறுவாங்க?" என்றான் இடும்பன். அது நியாயமான பேச்சு என்பதால் யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியில், பழையது இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், புதியதைப் பக்கத்தில் உட்கார வைப்போம் என்று முடிவாயிற்று. பென் டிரைவைச் செருகினார்கள். சீராளன் நோட்டைத் திரைக்கு நேராகப் பிடித்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிக் காட்டினான்.

திரையில் எழுத்து வந்தது. 'பழைய பதிப்பின் குறிப்புகள் புரியவில்லை. முந்தைய பதிப்புக்குத் திரும்பலாமா?'

"உன் கையெழுத்து யாருக்குடா புரியும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார் பூவராகன். "திரும்பிரு."

சீராளன் 'ஆம்' என்று அழுத்தினான். பழைய மேஸ்திரி திரும்பி வந்தது. மோட்டார் சுகமாக ஓடியது. அதோடு கையை எடுத்திருக்கலாம். ஆனால் எதையும் ஒரு தடவைக்கு இரண்டு தடவையாகச் செய்யச் சொல்லியிருந்தார்களே. சீராளன் இன்னொரு தடவை அழுத்தினான். இப்போது வந்தது பழையதற்கும் பழையது, கம்ப்யூட்டர் வாங்கிய நாளில் இருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் மோட்டாரே கிடையாது. தெருவிளக்கையும் சங்கையும் தவிர அதற்கு உலகத்தில் வேறு எதுவும் தெரியாது.

மோட்டார் நின்றுவிட்டது.

"நாம நிறுத்தினோமா?" என்று கேட்டார் பூவராகன்.

"இல்ல தலைவரே, அதுவா நின்னுச்சு."

"அப்ப சொல்லை மீறலை. ஆனா என் பொண்ணு கல்யாணம் போச்சேடா! இன்னொரு தடவை அழுத்திப் பாரேன்."

"ரெண்டு தடவைதான் சொன்னாங்க தலைவரே."

பதினேழு குழாயும் திறந்து கிடந்ததில், இரண்டு மணிக்குள் மேல்நிலைத் தொட்டி சுத்தமாகக் காலி.

இரண்டு மணிக்கு வைரப்பன் வந்தார். வேட்டியை முழங்காலுக்கு மேல் தூக்கிப் பிடித்து, தெருவில் சலசலவென்று நடந்து வந்து, பூவராகன் வீட்டுக் குழாயைத் திறந்தார். புஸ்ஸென்று காற்று வந்தது. பூவராகனுக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது.

"என்ன சம்பந்தி, குழாயில தண்ணி வரலையே?" என்று அவர் காதில் கத்தினார் வைரப்பன்.

"அதெல்லாம் உங்களை வரவேற்கத் தெருவுக்கே வந்துருச்சு சம்பந்தி" என்று பதிலுக்குக் கத்தினார் பூவராகன்.

வைரப்பன் குனிந்து தன் காலைப் பார்த்தார். முழங்கால் வரை தண்ணீர். தெருக்கோடி வரை பார்த்தார். அங்கேயும் தண்ணீர். "இவ்வளவு தண்ணி இருக்கிற ஊரை நான் பார்த்ததே இல்லை. எடுங்க தட்டை!" என்றார். அவர் கொட்டாவிப்பட்டிக்குச் சம்பந்தியாகப் பிறந்தவர். நிச்சயதார்த்தத்துக்கு அழகாக வந்து நிற்க வேண்டும் என்று காலையிலேயே வந்து சலூனில் உட்கார்ந்த மாப்பிள்ளை, ஒரு மயிர் மிச்சமில்லாத தலையோடு பின்னாலேயே வந்தார். அல்லி அவரைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். சம்மதம் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

வெற்றிலை பாக்கு, பழம், மஞ்சளோடு தட்டைப் பூவராகன் கொடுத்தார், வைரப்பன் வாங்கினார். வைரப்பன் தன் தட்டைக் கொடுத்தார், பூவராகன் வாங்கினார். ஊரே கைதட்டியது. பூவராகன் தட்டைக் கீழே வைக்கப் போனபோது சீராளன் ஓடி வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"தலைவரே, தட்டு மாத்தறது ஓடிக்கிட்டிருக்கு!"

"ஐயோ, ஆமாண்டா!" பூவராகன் தட்டைத் திரும்ப நீட்டினார். வைரப்பனும் மரியாதை தெரிந்தவர், வாங்கிக்கொண்டு தன் கையில் இருந்ததை நீட்டினார்.

சாயங்காலம் ஆறு மணிக்கு நானூற்றுப் பன்னிரண்டாவது தடவை தட்டு மாறியது. பழம் நசுங்கி, வெற்றிலை வாடி, இருவருக்கும் கை கடுத்தது. ஆபீசில் இடும்பன் வலது கட்டை விரலுக்குப் பதில் இடது கட்டை விரலால் அழுத்திக்கொண்டிருந்தான். சங்கு நிற்கவில்லை.

"இன்னும் எவ்வளவு நேரம் சம்பந்தி?" என்று கத்தினார் வைரப்பன்.

"போன் வரணும் சம்பந்தி! அந்த அம்மா கூப்பிட்டு முடிஞ்சதுன்னு சொன்னா அந்த நிமிஷமே நிறுத்திரலாம்! மத்தியானத்துல இருந்து கூப்பிடவே இல்லை!"

அப்போது பூவராகனுக்குச் சட்டைப் பைக்குப் பக்கத்தில் குறுகுறுவென்று துடித்தது. அன்றைக்கு நாற்பதாவது தடவையாக. "பொண்ணுக்கு நல்ல இடம் அமைஞ்ச சந்தோஷம், மத்தியானத்துல இருந்து நெஞ்சு இப்படித்தான் அடிச்சுக்குது" என்று நெஞ்சைத் தடவிக்கொண்டு, தட்டை நீட்டினார்.