ஜவ்வரிசிக் களத்தில் இறங்கிய செவ்வாய் மன்னன்

சேலத்துக்குத் தெற்கே ஒரு ஜவ்வரிசி ஆலையில், கறுப்பு வெள்ளைப் படங்கள் வந்துகொண்டிருந்த காலத்தில், சில மாதங்கள் செவ்வாய் கிரகம் இருந்தது. மாவு காயப்போடும் பெரிய களத்தைத்தான் கிரகமாக்கியிருந்தார்கள். செவ்வாய் சிவப்பாயிற்றே, களம் வெள்ளையாக இருக்கிறதே என்று கேட்டவர்களுக்கு, ஆலை முதலாளி அர்த்தநாரி பதில் வைத்திருந்தார். “படமே கறுப்பு வெள்ளை. அதுல சிவப்பு எப்படி இருந்தா என்ன?”

டைரக்டர் நாகசுந்தரம் ஆத்தூரில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்த வாத்தியார். ஜனங்கள் வாயைப் பிளந்து நம்பும்படி ஒரு கிரகப் படம் எடுக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. அதற்காக வேலையை விட்டுவிட்டு வந்திருந்தார். படத்துக்கு ‘செவ்வாய் மன்னனின் சீற்றம்’ என்று பெயர் வைத்தார். அர்த்தநாரி களத்தைக் கொடுத்தார், ஃபிலிம் வாங்கிக் கொடுத்தார், கூடவே மூன்று மச்சினன்களையும் கொடுத்தார்.

மூத்தவன் பச்சியண்ணன், நடுவுள்ளவன் முனியப்பன், கடைக்குட்டி குழந்தைவேலு. மூவரும் நல்லவர்கள். சொன்ன வேலையைத் தட்ட மாட்டார்கள், சொன்னதற்கு மேல் ஒரு துளியும் யோசிக்க மாட்டார்கள். “என் தம்பிங்க இல்லாம அங்க படமே எடுக்கக் கூடாது” என்று அர்த்தநாரியின் மனைவி சொல்லிவிட்டதால் அவர்களை யாரும் வெளியே அனுப்ப முடியாது.

முதல் நாள் நாகசுந்தரம் அவர்களை அழைத்து, “மன்னன் வந்து இறங்க ஒரு பறக்கும் தட்டு வேணும். நல்லதா ஒண்ணு பார்த்துக் கொண்டாங்க” என்றார்.

மூவரும் பாத்திரக் கடைக்குப் போய் ஒரு மூட்டைத் தட்டு வாங்கினார்கள். அதோடு ஆலையின் மாடியில் ஏறி நின்றார்கள்.

“இதுல எது பறக்கும் தட்டுன்னு எப்படிண்ணே தெரியும்?” என்றான் முனியப்பன்.

“பறக்கிறது பறக்கும் தட்டு. விழறது சோத்துத் தட்டு” என்றான் பச்சியண்ணன்.

ஒவ்வொன்றாக வீசினார்கள். பித்தளைத் தட்டுகள் நேராகக் கீழே போயின. எவர்சில்வர் கொஞ்சம் யோசித்துவிட்டுப் போயிற்று. கடைசியில் ஒரு அலுமினியத் தட்டு வளைந்து வளைந்து பறந்துபோய், கீழே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த நாடகக்காரர் சடையப்பனின் நெற்றியில் இறங்கியது. அவர்தான் செவ்வாய் மன்னன். புடைத்த நெற்றியை மறைக்க, இட்லிக் குண்டானைக் கவிழ்த்து அவருக்குக் கிரீடமாக வைத்தார்கள். பிறகு நாகசுந்தரமே இரண்டு அலுமினியத் தட்டுகளை ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டி வாகனம் செய்துகொண்டார்.

மறுநாள் புதன்கிழமை. கேமராக்காரர் பெஞ்சமின் தயாராக நின்றார். மன்னனைக் காணோம்.

“சடையப்பன் எங்கேப்பா?”

“வீட்டுக்குப் போகச் சொல்லிட்டோம் சார்” என்றான் பச்சியண்ணன். “அவர் எந்த ஊர் மன்னன்?”

“செவ்வாய்.”

“இன்னைக்குப் புதன்.”

 நாகசுந்தரம் வகுப்பில் பேசுகிற குரலில், கிரகம் வேறு, கிழமை வேறு என்று பொறுமையாக விளக்கினார். மூவரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அவர் நகர்ந்ததும் குழந்தைவேலு கவலையோடு, “அப்போ வெள்ளிக்கிழமை வேற யாராவது வருவாங்களாண்ணே?” என்றான். “வந்தா சாப்பாடு போதாது” என்றான் முனியப்பன். வெள்ளிக்கிழமை சமையற்காரரிடம் கூடுதலாக உலை வைக்கச் சொன்னார்கள்.

ஒருவழியாக மன்னன் இறங்கும் காட்சி எடுத்தாயிற்று. தட்டைத் தேங்காய் நார்க் கயிற்றில் கட்டி இறக்கினார்கள். கிணற்றில் வாளி விடுகிற கயிறு அது. எடுத்து முடித்தபின், கயிறு படத்தில் நன்றாகவே விழுந்திருக்கும் என்றார் பெஞ்சமின். நாகசுந்தரம் மச்சினன்களைத் தேடிப் போனார். மறுநாள்தான் தட்டு பறந்து பறந்து போடும் பெரிய சண்டைக் காட்சி. இருக்கிற ஃபிலிம் அதற்கு மட்டும்தான் காணும்.

“இதோ பாருங்க. நாளைக்குக் கேமராவுக்குக் கயிறு தெரியவே கூடாது. உங்களைத்தான் நம்பியிருக்கேன்” என்றார் மூவரிடமும்.

மூவரும் வட்டமாக உட்கார்ந்து யோசித்தார்கள்.

“கயிறை எடுத்துட்டா?”

“தட்டு விழுந்துடும். கயிறை எடுன்னு அவர் சொல்லலை.”

“யாருக்குத் தெரியக் கூடாதுன்னார்?”

“கேமராவுக்கு.”

“நமக்குத் தெரியலாமா?”

“அதைப் பத்தி ஒண்ணும் சொல்லலை.”

விடிந்ததும் கறுப்புத் தாளை வட்டமாக வெட்டி, கேமராவின் முன்கண்ணாடியில் சீராக ஒட்டினார்கள். அந்தப் பழைய கேமராவில் ஆள் பார்க்கிற கண்ணாடி பக்கத்தில் தனியாக இருந்தது. அதனால் பெஞ்சமினுக்கு எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. சடையப்பன் உயிரைக் கொடுத்து நடித்தார். குண்டான் கிரீடம் இரண்டு முறை கழன்று விழுந்தும் வசனத்தை விடவில்லை. அன்று மாலை நாகசுந்தரம் மச்சினன்கள் மூவருக்கும் கை கொடுத்துப் பாராட்டினார்.

ஃபிலிம் சென்னையில் கழுவி வந்தது. சண்டைக் காட்சி முழுவதும் அமாவாசையாக இருந்தது. சத்தம் மட்டும் தனியாகப் பதிவாகியிருந்தது. நாகசுந்தரம் ஜவ்வரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். திரும்ப எடுக்க ஃபிலிம் இல்லை, தியேட்டருக்கோ நாள் சொல்லியாயிற்று.

“கயிறு தெரியுதா சார்?” என்று கேட்டான் குழந்தைவேலு.

“தெரியலைப்பா” என்றார் அவர்.

வேறு வழியில்லாமல், ‘இப்போது மன்னன் அண்டவெளியின் இருளில் போர் புரிகிறான்’ என்று தன் குரலிலேயே பேசிச் சேர்த்து, படத்தைச் சேலத்தில் வெளியிட்டார்.

முதல் நாள் மதிய ஆட்டம். நாகசுந்தரம் மெஷின் ஓட்டுகிற அறையில் ஒளிந்துகொண்டு ஓட்டை வழியாகப் பார்த்தார். தட்டு இறங்கியது. அதைவிட அழகாகக் கயிறு இறங்கியது. “தண்ணி இறைக்க வர்றாருடா” என்று தரை டிக்கெட்டிலிருந்து ஒரு குரல். கொட்டகை அதிர்ந்தது. பிறகு திரை இருண்டது. இருட்டுக்குள்ளிருந்து “பூமியே, அழிந்து போ” என்று சடையப்பன் கர்ஜித்தார். கூடவே குண்டான் உருளுகிற சத்தம். “யாராவது மன்னனுக்கு ஒரு விளக்கு காட்டுங்கப்பா” என்று பெண்கள் பக்கத்திலிருந்து ஓர் அம்மாள் சொன்னார்.

நாகசுந்தரம் பின்வாசல் வழியாக வெளியேறி, ஆத்தூர் பஸ்ஸுக்குப் போய் நின்றார். பள்ளிக்கூடத்தில் திரும்பச் சேர்த்துக்கொள்வார்களா என்று யோசித்தார். 

பஸ் வருவதற்குள் அர்த்தநாரி காரில் வந்து அவரைப் பிடித்துவிட்டார். “எங்கேய்யா போறீரு? அடுத்த ஆட்டத்துக்குத் தெருக்கோடி வரைக்கும் கூட்டம் நிக்குது.”

திரும்பி வந்து பார்த்தால் உண்மைதான். வரிசையில் நின்ற ஒரு தபால்காரர் அவரை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்துக்கொண்டார். “இப்பத்தான் பார்த்தேன் சார், மறுபடி பார்க்கப் போறேன். இப்படிச் சிரிச்சு வருஷக்கணக்காச்சு. தயவுசெய்து அந்தக் கயிறை மட்டும் எடுத்துடாதீங்க.”

 விஞ்ஞானம் படித்த மனிதர் ஒரு சோடா வாங்கிக் குடித்தார். பாதி குடிக்கும்போது அவருக்கே சிரிப்பு வந்து மூக்கில் ஏறியது.

வாரக்கணக்கில் கூட்டம் குறையவில்லை. அர்த்தநாரி பூரித்துப்போய் மச்சினன்களைக் கூப்பிட்டார். “மாப்பிள்ளைகளா, படம் ஓடுது. இது நிக்கவே கூடாது. சேலத்தைத் தாண்டி நாமக்கல், திருச்சின்னு ஓடணும். இனிமே அது உங்க பொறுப்பு.”

மூவரும் தியேட்டருக்குப் போய்ப் படப்பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“மாமா ஓடுதுங்கிறார். இது சும்மா கிடக்குதே” என்றான் முனியப்பன்.

“படத்துக்கு ஏதுடா காலு? அதனாலதான் நம்ம பொறுப்புன்னார்” என்றான் பச்சியண்ணன்.

மதிய ஆட்டத்துக்கு மணி அடிக்கிற நேரத்தில், படப்பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு மூவரும் நாமக்கல் சாலையில் ஓட ஆரம்பித்தார்கள். டிக்கெட் வாங்கிய ஜனங்கள் வெள்ளைத் திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். படம் ரோட்டில் ஓடுகிறது என்று யாரோ சொன்னதும் மொத்தக் கொட்டகையும் எழுந்து பின்னால் ஓடியது.

அர்த்தநாரி காரில் துரத்தி வந்து பக்கத்தில் உருட்டிக்கொண்டே, “நில்லுங்க மாப்பிள்ளைகளா” என்றார்.

“நிக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க மாமா” என்றான் பச்சியண்ணன், வேகத்தைக் குறைக்காமல்.

கார் வெயிலில் சூடேறி வழியிலேயே நின்றுவிட்டது. நாகசுந்தரம் ஒரு வாடகை சைக்கிளில் வந்து பார்த்தபோது, அர்த்தநாரியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார். பின்னால் ஒரு பெரியவர், டிக்கெட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்க, “தம்பி, இடைவேளை எப்போ?” என்று கேட்டார்.

குழந்தைவேலு திரும்பி மரியாதையாகச் சொன்னான்: “ராசிபுரத்துலங்க. அதுவரைக்கும் யாரும் எந்திரிச்சுப் போயிடாதீங்க.”