கரடி வெயிலா, பன்றி வெயிலா?

மலையடிவாரக் குகை ஒன்றில் கரடிகளும் காட்டுப்பன்றிகளும் குடியிருந்தன. அதே குகையில் ஒரு மூலையில் பூவாத்தா என்ற முயலும் அவள் குட்டியும் ஒண்டிக்கொண்டிருந்தார்கள். மார்கழிக் குளிர்! வெளியே போனால் விறைத்துப் போக வேண்டியதுதான். அதனால் குகைக்குள்ளேயே விறகைப் போட்டு எரித்தார்கள். ஒரே புகை! குட்டி முயல் இருமி இருமித் துவண்டு போனது.

குகையின் கிழக்கு வாசலைப் பெரிய கல் ஒன்று அடைத்துக் கிடந்தது. அதை உருட்டிவிட்டால் காலை வெயில் உள்ளே கொட்டும். பாறை சூடேறி ராத்திரி முழுக்கக் கதகதவென்று இருக்கும். விறகும் வேண்டாம், புகையும் இல்லை. ஆனால் கரடிகளும் பன்றிகளும் சேர்ந்து தள்ளினால்தான் கல் அசையும். அவர்களுக்கோ ஒருவர் மூஞ்சி ஒருவருக்கு ஆகாது.

பூவாத்தா கரடித் தலைவரிடம் ஓடினாள். "ஐயா, அந்தக் கல்லைத் தள்ளுங்க! என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்குது!"

"வெயில் வேண்டாம்னு நான் எப்பம்மா சொன்னேன்? அந்தப் பன்றிப் பயலுகதான் ஒத்து வரமாட்டானுக!"

பன்றித் தலைவரிடம் ஓடினாள்.

"வெயில்னா எங்களுக்கு உயிராச்சே! கரடிதான் கெடுக்கிறான்!"

அட, இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதானே! பூவாத்தாவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கெஞ்சிக் கூத்தாடி இருவரையும் கல்லுக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தினாள்.

"முதலில் என் கைதான் படணும்! இது கரடி கொண்டுவந்த வெயில்னு காடே சொல்லணும்!"

"என் மூக்குதான் முதலில்! இது பன்றி வெயில்!"

"யார் வெயிலாவது இருக்கட்டும் ஐயா! குட்டிக்கு உதடெல்லாம் நீலம் பாரிச்சுக் கிடக்கு!"

"நீ சும்மா இரும்மா! இது கொள்கைப் பிரச்சினை!" என்று இரண்டு பேரும் சேர்ந்து அதட்டினார்கள்.

சூரியன் உச்சிக்கு ஏறி மேற்கே சாய்ந்தது. சண்டை ஓயவில்லை. குட்டியின் இருமல்தான் ஓய்ந்தது. பூவாத்தா ஓடிப்போய்த் தொட்டுப் பார்த்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது.

மறுநாள் இரங்கல் கூட்டம். கரடியாரும் பன்றியாரும் அன்றுதான் முதல் முறையாகத் தோளோடு தோள் உரசி நின்றார்கள். வெட்கக்கேடு! "இந்தத் துக்கத்தில் எங்களுக்குள் கட்சி பேதமே இல்லை!" என்று முழங்கினார்கள். கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் குளிருமே என்று விறகை இரண்டு மடங்காகப் போட்டார்கள்.

புகை தாங்காமல் பூவாத்தா இருமினாள். கண்ணில் நீர் வழிந்தது.

"அழாதேம்மா, நாங்க இருக்கோம்!" என்றார்கள் தலைவர்கள்.

"நீங்க இருக்கீங்க ஐயா. என் பிள்ளைதான் இல்லை" என்று சொல்லிவிட்டு, அவள் குளிருக்குள் இறங்கி நடந்தாள்.

நல்லது எதுவென்று தெரிந்தும் பெயர் யாருக்கு என்று அடித்துக்கொள்பவர்கள், கடைசியில் பிணத்துக்கு முன்னால்தான் ஒன்று சேர்வார்கள்.