எல்லோரும் தூங்கும் நேரம்

"மத்தியான பஸ் எப்பம்மா வரும்?"

கேட்டுக்கொண்டே சங்கிலிமுத்து பாயைச் சுருட்டிக் கயிறு போட்டார்.

அவர் அம்மா என்று கூப்பிட்ட ஞானசுந்தரி அவரைவிட இருபது வயதாவது இளையவர். மலையடிவாரத்தில் இந்தத் தியானக் குடிலைத் தொடங்குவதற்கு முன்பு, மனிதன் எப்படி மனிதன் ஆனான் என்று ஆராய்கிறவர்களோடு நாடு நாடாகச் சுற்றியவர்.

"நேரம் இருக்கு. ஏன் கிளம்பிட்டீங்க ஐயா?"

"தூக்கம் வரலை."

"இங்க வந்ததே அதுக்குத்தானே?"

"அதான். வந்தும் வரலை."

அம்மா வாசற்படியில் உட்கார்ந்தார்.

"எல்லாரும் படுத்த உடனே தூங்கிப் போயிடறாங்க. நான் மட்டும் கூரையைப் பார்த்துக்கிட்டுக் கெடக்கேன். உள்ள ஏதோ அழுக்கு இருக்கும்மா. அதுதான் விட மாட்டேங்குது."

"யார் சொன்னா?"

"யாரும் சொல்லலை. பக்கத்துப் பாய் பெரியநாயகம் ஆந்தைன்னான். அவ்வளவுதான்."

"ஆனா முந்தாநாள் உங்க குறட்டை கூடம் பூரா கேட்டுச்சாமே?"

"அது பொய்க் குறட்டை. தூங்கறேன்னு நினைச்சுக்கட்டும்னு விட்டேன். அதுல மத்தவங்க தூக்கமும் போச்சு."

அம்மா சிரிக்கவில்லை. அதற்குச் சிரமப்பட்டது தெரிந்தது.

"இப்ப வீட்டுக்கா?"

"கடைக்கு."

பூட்டிக் கிடக்கிற அவருடைய தையல்கடை. மெஷினை ஓரமாகத் தள்ளினால் ஒரு ஆள் படுக்கலாம். மகன் வீட்டுக்குப் போக முடியாது. அங்கே பேத்தி பிறந்து மூன்று மாதம். இவர் இருட்டில் எழுந்து தாழ்ப்பாளைப் பார்ப்பார், தண்ணீர் தேடுவார், தம்ளர் உருளும், குழந்தை வீரிடும். ஒருநாள் மகன் கையெடுத்துக் கும்பிட்டான். "சரியானதும் வாங்கப்பா."

சரியாகவில்லை.

"ஒண்ணு கேக்கறேன், சொல்லுங்க" என்றார் அம்மா. "ஆப்பிரிக்காவுல ஒரு கூட்டம் இருக்கு. இன்னைக்கும் வேட்டையாடி, கிழங்கு தோண்டித்தான் சாப்பாடு. அவங்க கையில வாட்ச் மாதிரி ஒரு கருவியைக் கட்டி, யார் யார் எப்ப தூங்கறாங்கன்னு கணக்கெடுத்தாங்க. எல்லாரும் ஒண்ணாத் தூங்கற நேரம் எதுன்னு நினைக்கிறீங்க?"

"நடுச்சாமம்."

"இல்லை."

"அப்ப விடியக்காலை. அப்பத்தான் அசத்தும்னு சொல்வாங்க. எனக்குத் தெரியாது."

"இல்லை."

"பின்ன?"

"அப்படி ஒரு நேரம் சிக்கவே இல்லைன்னு சொல்லலாம். எப்ப பார்த்தாலும் யாராவது ஒருத்தர் முழிப்பு. வாலிபப் பசங்க படுக்கிறதுக்குள்ள வயசானவங்க எழுந்துடறாங்க."

"காவலுக்கு ஆள் போட்டிருப்பாங்க."

"யாரையும் போடலை."

சங்கிலிமுத்து உச்சுக் கொட்டினார்.

"பாவம். அங்கயும் இந்த வியாதி இருக்கா?"

அம்மா பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

"கொஞ்சம் கண் அசந்துக்கறேன். அடுப்புல பால் இருக்கு."

சங்கிலிமுத்துவின் பாய்க்கட்டையே இழுத்துத் தலைக்கு வைத்துக்கொண்டு தரையில் சாய்ந்தார். ஒரு நிமிஷத்தில் மூச்சு சீரானது.

சங்கிலிமுத்து நின்றார். பாயை உருவலாம். உருவினால் ஆள் எழுந்துவிடும்.

பால் பொங்கி வந்தது. ஓடிப்போய் இறக்கி வைத்தார்.

திரும்பினால் சுவர்மேல் ஒரு குரங்கு. கதவில்லாத சமையற்கட்டு, தொங்குகிற வாழைத்தார். மற்றவர்கள் எல்லாம் விறகுக்குப் போயிருந்தார்கள். அவர் துடைப்பத்தை ஓங்கினார். அது பல்லைக் காட்டியது. அவரும் காட்டினார். வாயைத் திறந்து கத்த முடியாத சண்டை. கடைசியில் அது, உன்னோடு என்ன பேச்சு என்பதுபோல முதுகைத் திருப்பிக்கொண்டு இறங்கிப் போனது.

அவர் துடைப்பத்தோடு படிக்கட்டில் உட்கார்ந்தார். ரோட்டில் பஸ் ஹாரன் அடித்தது. நின்றது. போயிற்று.

அம்மா எழுந்தபோது நிழல் முற்றத்தைத் தாண்டியிருந்தது.

"பஸ் போயிடுச்சா?"

"எப்பவோ."

"என்னை எழுப்பியிருக்கலாமே!"

"குழந்தை மாதிரி தூங்கினீங்க. மனசு வரலை." சொல்லிவிட்டு அவருக்குக் கோபம் வந்தது. "ஏம்மா, அடுப்பு எரியுது. சமையற்கட்டுக்குக் கதவு இல்லை. குரங்கு நடமாடுது. அப்படியே போட்டுட்டு எப்படி உங்களால தூங்க முடிஞ்சுது?"

"நீங்க இருந்தீங்களே."

அம்மா பாயைத் தட்டி அவர் கையில் கொடுத்துவிட்டு, பாலை ஆற்றப் போனார்.

அவர் பாயை வைத்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே நின்றார்.

அடுத்த பஸ்ஸில் உட்கார்ந்ததும் மகனுக்குப் போன் போட்டார்.

"அப்பா! இப்ப தூக்கம் வருதா?"

"வரலைடா."

அந்தப் பக்கம் குழந்தையின் அழுகை மட்டும் கேட்டது.

"நீ தூங்கி எத்தனை நாளாச்சு?" என்று கேட்டார்.

"எங்கப்பா தூங்கறது? அவ கொஞ்ச நேரம், நான் கொஞ்ச நேரம் தோள்ல போட்டுக்கிட்டு நடக்கறோம். நேத்து நின்னுக்கிட்டே தூங்கிட்டேன். சுவத்துல முட்டிக்கிட்டேன்."

"பாப்பாவை ராத்திரி என்கிட்ட குடுங்க. பசிக்கு அழுதா மட்டும் எழுப்பறேன்."

"உங்களுக்குக் கஷ்டம்ப்பா."

"எனக்கு என்னடா கஷ்டம். முழிச்சுத்தானே கெடக்கேன்."

அழுகை கொஞ்சம் தள்ளிப் போயிற்று. மகன் வேறு அறைக்கு வந்திருக்க வேண்டும்.

"எந்த பஸ்ஸுப்பா? வண்டி எடுத்துட்டு ஸ்டாண்டுக்கு வரவா?"

"வேணாம். நான் வர்றவரைக்கும் படு."

வழியில் ஒரு கொத்தனார் ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தார். விரலிடுக்கெல்லாம் சிமெண்டு. டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்ததும் கண் சொருகியது. அடுத்த ஊர் வருவதற்குள் தலை சங்கிலிமுத்துவின் தோளில் விழுந்தது.

வளைவில் பஸ் திரும்பியது. சாயங்கால வெயில் ஜன்னல் வழியே அந்த முகத்தில் நேராக அடித்தது.

சங்கிலிமுத்து தோளை அசைக்காமல், மற்றக் கையால் துண்டை எடுத்து ஜன்னல் கம்பியில் செருகினார்.