வடிவுக்கு வைத்த ரசம்

மலையடிவாரத்து மடத்தில் குருவாக இருந்தவர், அதற்கு முன்னால் பதினெட்டு வருஷம் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். சொரிமுத்து என்று பெயர். எல்லோருக்கும் சாமி. வயது நாற்பத்தாறுதான். தன்னைவிட மூத்த சிஷ்யைகளை அவர் அக்கா என்றே கூப்பிடுவார். வெளியூர்க்காரர்கள் முகம் சுளித்தும் அதை மாற்றிக்கொள்ளவில்லை.

அந்தச் சிஷ்யைகளில் ஒருத்தி வடிவு. ஐம்பத்திரண்டு வயது. அவள் குடலுக்குக் கோதுமை ஆகாது. ஆகாது என்றால், தின்றால் கொஞ்சம் வயிறு பொருமும் என்கிற மாதிரி இல்லை. ஒரு சிட்டிகை உள்ளே போனாலும் நாலைந்து நாள் படுக்கை. இருபது வருஷம் இது இன்னதென்றே தெரியாமல் கிடந்தாள். ஒரு டாக்டர் பூச்சி என்றார். ஒருத்தர் அல்சர் என்றார். ஒருத்தர் கவலைப்படாமல் இருக்கச் சொன்னார். அவர் மேல்தான் வடிவுக்கு இன்னமும் ஆத்திரம். கடைசியில் மதுரையில் ஒரு டாக்டரம்மா எல்லாம் சோதித்துப் பார்த்து, சீலியாக் என்று ஒரு பேர் சொன்னார்.

பேர் தெரிந்து என்ன, வயிறு நிறைய வேண்டுமே. மடத்தில் காலையில் ரவை உப்புமா. ராத்திரி சப்பாத்தி. விசேஷம் என்றால் கேசரி. எல்லாம் கோதுமை. மதியம் சோறு உண்டு, ஆனால் சாம்பாரில் பெருங்காயம். கடைப் பெருங்காயத்தில் மைதா கலந்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்ன அன்றைக்கு வடிவு மதுரையிலிருந்து பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தாள். பெருங்காயம் இல்லாமல் என்ன சாம்பார், என்ன ரசம்.

ஆக, தனித் தட்டு, தனிப் பானை, காம்பில் சிவப்பு நூல் கட்டிய தனிக் கரண்டி. மடத்துக்குப் புதிதாக வருகிறவர்களில் பாதிப் பேர், இந்த அம்மா ரொம்ப ஆசாரம் போலிருக்கிறது என்றார்கள். மீதிப் பேர் தொற்று வியாதி என்று தள்ளி உட்கார்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் விளக்கம் சொல்லிச் சொல்லி அவளுக்கு வாய் ஓய்ந்துபோனது. சமையல்கட்டுக்குப் பின்னால் போய்த் தனியாகச் சாப்பிட ஆரம்பித்தாள். ஆறு வருஷம் அப்படியே ஓடியது.

பிறகு உலகம்மை வந்தாள்.

அவளுக்கு மனசு ஏறி இறங்குகிற வியாதி. ஏறினால் விடிவதற்குள் மடத்து வாசல் முழுக்கக் கோலம் போட்டு, இருக்கிறவர்களுக்கெல்லாம் பட்டப்பேர் வைத்து முடித்திருப்பாள். இறங்கினால் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். மாத்திரையை ஒழுங்காக விழுங்கினால் இரண்டும் ஒரு கட்டுக்குள் நிற்கும்.

வந்த முதல் நாளே தட்டைத் தூக்கிக்கொண்டு பின்கட்டுக்கு வந்து வடிவுக்கு எதிரே உட்கார்ந்தாள். வடிவு அலுப்போடு தன் விளக்கத்தைத் தொடங்கினாள். குடல், கோதுமை, மைதா, கரண்டி. உலகம்மை கடைசிவரை கேட்டாள்.

"இந்த மடத்துல உப்புமாட்ட இருந்து முக்தி அடஞ்ச ஒரே ஆத்மா நீதான்க்கா" என்றாள்.

வடிவுக்குச் சிரிப்பில் புரையேறிவிட்டது. கடைசியாக எப்போது சாப்பாட்டு நேரத்தில் சிரித்தோம் என்று அவளுக்கு நினைவில்லை.

தனித் தட்டோடு நடப்பதால் வடிவுக்குக் கலெக்டர் என்று பேர் வைத்தாள் உலகம்மை. மடமே அதைப் பிடித்துக்கொண்டது. வடிவும் சும்மா விடவில்லை. அவளுக்கு வானிலை அறிக்கை என்று வைத்தாள். காலையில் எழுந்ததும், இன்றைக்கு மழையா வெயிலா என்று விசாரிப்பாள். மழை என்றால் மாத்திரையை எண்ணிக் கையில் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். வெயில் என்றால் அன்றைக்கு வயிறு வலிக்கச் சிரிப்பு. அது மட்டும் அவள் பொறுத்துக்கொள்கிற வயிற்றுவலி.

மூன்று வருஷம் இப்படி. அப்புறம் குருபூஜை வந்தது.

அன்றைக்கு உலகம்மைக்கு நல்ல வெயில். ஒருத்தரிடமும் சொல்லாமல், வடிவின் பானையைத் தேய்த்துக் கழுவி, சிவப்பு நூல் கரண்டியைத் தேடி எடுத்து, அவளுக்கென்று ரசம் வைத்தாள். எல்லாம் சரியாகத்தான் செய்தாள். கடைசியில் மூக்கில் வைத்துப் பார்த்து, வாசம் போதவில்லை என்று பொது அலமாரியைத் திறந்து பெருங்காயத்தில் ஒரு சிட்டிகை போட்டாள். பூஜை நாள், சமையல்கட்டு முழுக்கப் பெருங்காய வாசம். வடிவுக்குத் தனியாகத் தெரியவில்லை. குடித்தாள்.

சாயங்காலம் விழுந்தவள்தான். மூன்று நாள் கிணற்றடிக்கும் பாய்க்குமாக நடந்தாள். அப்புறம் நடக்கவும் தெம்பில்லை.

விஷயம் தெரிந்ததும் உலகம்மை படுத்தாள். சுவரைப் பார்த்து. சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. மாத்திரையை உள்ளங்கையில் வைத்தால் கை திறந்தபடியே கிடந்தது. டாக்டருக்குப் போன் போட்டார்கள். இன்றைக்கே மறுபடி தொடங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அழைத்து வாருங்கள் என்றார். மடத்து அலுவலகத்தில் அவளுடைய அண்ணனுக்கும் சொல்லிவிட்டார்கள். சேர்க்கும்போதே அவன் சொல்லி வைத்திருந்தான்: மாத்திரையை விட்டால் தகவல் கொடுங்கள், கூட்டிப் போய்விடுகிறேன். நாளைக் காலையில் வருகிறான்.

அண்ணன் கெட்டவன் இல்லை. அவன் வீட்டு மாடி அறையில் உலகம்மை இரண்டு வருஷம் இருந்திருக்கிறாள். வேளைக்குத் தட்டு வரும். யாரும் அவளை ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. யாரும் பேசியதே இல்லை.

போனால் திரும்ப அனுப்பமாட்டான் என்று வடிவுக்குத் தெரியும். நாலாம் நாள், சுவரைப் பிடித்துப் பிடித்து சாமியின் அறைக்குப் போய்ச் சேர்ந்தாள். அவர் சட்டைக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தார்.

வடிவு உட்காரக்கூட இல்லை. கொட்டித் தீர்த்தாள். வயிறு யாருக்குப் போனது? எனக்கு. படுத்திருப்பது யார்? அவள். மூன்று நாளாகப் பேதியில் கிடந்தவள் எழுந்து போய், விஷம் கொடுத்தவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகத்தில் எங்காவது நடக்குமா இது? மன்னித்துவிட்டேன் என்று நாலு தடவை சொல்லியாகிவிட்டது. சொல்லச் சொல்ல அவள் போர்வையை இழுத்து இன்னும் மூடிக்கொள்கிறாள்.

"இன்னும் எத்தன தடவ மன்னிக்கணும் சாமி?"

சாமி நூலைப் பல்லால் கடித்தார்.

"உலகம்மைட்ட என்ன சொன்னீங்க? அப்படியே சொல்லுங்கக்கா."

வடிவு குரலைத் தணித்துச் சொன்னாள். "பரவாயில்லம்மா. உன் மேல ஒரு தப்பும் இல்ல. நீ எதையும் நினைக்காத. உடம்பப் பாத்துக்கோ."

"சரி. போய் ரெண்டு வாய் சாப்பிட்டு வாங்க."

பதில் அவ்வளவுதான். வடிவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தெம்பில்லாததால் சண்டை போடாமல் நடந்தாள்.

பின்கட்டுக்குப் போகவிடாமல் பந்தியிலேயே அவளை உட்கார வைத்தார்கள். தரையில் ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போட்டிருந்தது. பரிமாறுகிற மாசிலாமணி தினமும் அவளைக் கண்டதும், கலெக்டரம்மா வந்தாச்சு, எல்லாரும் மனுவை எடுங்க என்பான். இன்றைக்குக் கையைக் கட்டிக்கொண்டு, மெதுவாக உட்காருங்கள் அம்மா என்றான். ஒருத்தி விசிறியைக் கொண்டுவந்து வீசினாள். கஞ்சி வந்தது. கரைத்துத் தரட்டுமா என்று இன்னொருத்தி குழந்தையிடம் கேட்கிற மாதிரி கேட்டாள்.

வடிவு சூழ்நிலையைச் சரி பண்ணப் பார்த்தாள். நாலு நாளில் இடுப்பு நாலு அங்குலம் குறைந்துவிட்டது, இனி கல்யாணத்துக்குப் பார்க்கலாம் என்றாள். ஒருத்தரும் சிரிக்கவில்லை. மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டான். பின்வரிசையில் யாரோ, பாவம் என்றார்கள்.

கஞ்சிக்கு உப்பில்லை என்றாள். சரிதான் அம்மா, நீங்கள் சொன்னால் சரி என்றார்கள். உப்பு அதிகம் என்று மாற்றிச் சொல்லிப் பார்த்தாள். அதற்கும் சரிதான் அம்மா என்றார்கள்.

தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். எங்கிருந்து தெம்பு வந்ததோ, சுவரைப் பிடிக்காமலே சாமியின் அறைக்குப் போனாள்.

"அவங்ககிட்ட என்ன சொல்லி வச்சிருக்கீங்க?"

"உடம்பு சரியில்லாதவங்க, மனசு நோகாம நடந்துக்கிடுங்கன்னு சொன்னேன்."

"எனக்கு வயிறு சரியில்லாம இருபத்தொம்பது வருஷமாச்சு. இன்னைக்குத்தான் என்னப் பிணமா எடுத்து உக்கார வச்சிருக்காவ. ஒருத்தன் கேலி பண்ணல. உப்பில்லன்னாலும் சரிங்கான், கூடுதல்னாலும் சரிங்கான். நான் இருக்கேனா, செத்தேனா?"

சாமி பித்தானை இழுத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது.

"உங்களுக்கு ஒரு வேளைதான ஆச்சு. உலகம்மைக்கு நாலு நாளாச்சோ?"

வடிவு அவரை முறைத்துப் பார்த்தாள். அப்புறம் முறைப்பதை விட்டாள். திரும்பி நடந்தாள்.

உலகம்மை படுத்திருந்த அறையில் சன்னல் சாத்தியிருந்தது. வடிவு அதைத் திறந்தாள். மாத்திரையையும் செம்புத் தண்ணீரையும் தரையில் டங்கென்று வைத்தாள். போர்வையைப் பிடித்து இழுத்தாள்.

"ஏட்டி, உன்ன நான் மன்னிக்கல."

போர்வைக்குள் அசைவில்லை.

"நாலு தடவ சொன்னது பொய். சாமி மடத்துல பொய் சொல்ல வச்சிட்ட. பெருங்காயத்துல மைதா இருக்கும்னு உனக்கு எத்தன தடவ படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்கேன்? டப்பாவத் திருப்பிப் பாத்தா கை ஒடிஞ்சா போவும்? மூணு நாளு நான் கிணத்தடிய விட்டு வரல. அங்க கெடக்க கல்லெல்லாம் எனக்குச் சொந்தக்காரனாயிட்டு. ஒரு எட்டு வந்து, எக்கா செத்தியா இருக்கியான்னு நீ கேட்டியா? நீ பாட்டுக்கு வந்து படுத்துக்கிட்ட. நான் எங்க போய்ப் படுக்க?"

மூச்சு வாங்கியது. வடிவு செம்பிலிருந்து ஒரு வாய் தானே குடித்தாள். வாசலில் இரண்டு பேர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு, பயந்து போய் நின்றார்கள். அவள் நிறுத்தவில்லை. நாளைக்கு அண்ணன் வருகிறான், போய் மாடியில் உட்கார்ந்து சுவரை எண்ணு, நான் பின்கட்டில் உட்கார்ந்து தனியாகத் தின்றுகொள்கிறேன் என்றாள்.  சொன்ன வேகத்தில் சத்தத்தை இன்னும் கூட்டினாள்.

"இவ்வளவு பாடுபடுத்திச்சே, அந்த ரசமாவது நல்லா இருந்துச்சா? வாயில வைக்க வெளங்கல."

சுவர்ப் பக்கம் இருந்து ஒரு சத்தம் வந்தது. நாலு நாள் பேசாத தொண்டை, கரகரவென்று.

"அத மட்டும் சொல்லாதக்கா."

"சொல்லுவேன்."

உலகம்மை திரும்பினாள். கண் உள்ளே போயிருந்தது. தலை பறட்டையாக நின்றது.

"மூணு டம்ளர் குடிச்ச. மூணாவது டம்ளருக்கு நீதான் பானையச் சாச்ச. அடியில நின்ன தக்காளியக்கூட விடல. வெளங்காத ரசத்தயா அப்படிக் குடிச்ச?"

"ஒம்பது வருஷமா பெருங்காயம் நாக்குல படல. என்னன்னு தெரியாமலே நாக்கு கேட்டுச்சு. குடிக்காம என்ன செய்வா ஒருத்தி?"

"அப்ப நல்லா இருந்துச்சுன்னு சொல்லு."

"மாத்திரைய முழுங்கு. முழுங்கிட்டுப் பேசு. நான் திட்டி இன்னும் முடியல."

உலகம்மை செம்பை எடுத்தாள். தண்ணீர் பாதி மார்பில் கொட்டியது. மாத்திரை உள்ளே போனது. அவசரமாக வாயைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேச்சுக்கு வந்தாள். தான் போட்டது ஒரு சிட்டிகைதான் என்றும், மூன்று டம்ளர் குடித்தது யார் குற்றம் என்றும் கேட்டாள். வடிவு அவள் தலையை ஒரு கையால் கோதி முடிந்துகொண்டே மறு பதில் கொடுத்தாள். வாசலில் நின்றவர்கள் ஓடிப்போய்க் கஞ்சி கொண்டுவந்தார்கள். அதில் பாதியை உலகம்மை குடித்தாள். மீதியை வடிவு குடித்தாள். உப்பில்லை என்று இருவரும் சேர்ந்து சமையல்காரனைத் திட்டினார்கள்.

மறுநாள் காலையில் அண்ணன் வந்தான். தங்கை மாத்திரை விழுங்குவதைக் கண்ணால் பார்த்தான். டாக்டருக்குப் போன் போட்டுப் பேசினான். மதியம் வரை இருந்துவிட்டு, அடுத்த மாதம் வருவதாகச் சொல்லித் தனியாகப் பஸ் ஏறினான்.

பத்து நாள் கழிந்தது. வடிவு மறுபடி சாமியின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

உலகம்மைக்கு முழுசாகச் சரியாகவில்லை என்றாள். ஒரு நாள் எழுகிறாள், ஒரு நாள் சுவரைப் பார்க்கிறாள். இன்றைக்கும் பாதி நாள் சுவர்தான். போய்ச் சத்தம் போட்ட பிறகுதான் மாத்திரை இறங்கியது. நேற்றும் அப்படி. தனக்கோ இன்னும் குடல் ஒரு நிலைக்கு வரவில்லை, கத்தினால் தலை சுற்றுகிறது. காலையில் எழுந்தால் தன் வயிற்றைப் பார்ப்பதா, அவள் மூஞ்சியைப் பார்ப்பதா? ஒருநாள் கூத்தென்றால் சமாளிக்கலாம். இது தினம் ஒரு பாடு.

"இன்னும் எத்தன நாளைக்கு சாமி?"

சாமி அவளைப் பார்த்தார்.

"கோதுமைய எத்தன நாளைக்குத் தொடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொன்னாவ?"

"ஆயுசுக்கும்."

ஆயுசுக்கும் என்று வடிவு தனக்கே இன்னொரு தடவை சொல்லிக்கொண்டாள். எழுந்து, உலகம்மையின் அறைப் பக்கம் நடந்தாள்.