சர்வரை நிறுத்திய சாயங்காலம்

குரு என்று கூப்பிட்டால் ஷமீமாவுக்குக் கோபம் வரும். சென்னியப்பன் அப்படித்தான் கூப்பிடுவார். அவருக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது, ஷமீமாவுக்கு முப்பதுகூட முடியவில்லை. ஆனால் யாரிடமும் கைகட்டி நிற்காமல், தனியாளாகச் சின்னச் சின்ன ஆப் செய்து விற்றே பிழைக்கலாம் என்று எங்களுக்குக் காட்டியது அவள்தான். நானும் அவளும் காலேஜில் ஒன்றாகப் படித்தவர்கள்.

கோவையில், கணபதியில் ஒரு பேக்கரிக்கு மேலே எங்கள் அறை. மதியமானால் கீழிருந்து தேங்காய் பன் வாசம் ஏறி வரும், யாருக்கும் வேலை ஓடாது. இன்றைக்கும் எங்காவது அந்த வாசம் அடித்தால் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. அவ்வளவு சந்தோஷமாக அதற்கப்புறம் எங்கேயும் நான் வேலை செய்ததில்லை.

சென்னியப்பன் ஸ்கூல் வேன்களுக்கு ஒரு ஆப் செய்திருந்தார். டிரைவர் தன் போனில் அதைப் போட்டுவிட்டால், வேன் எங்கே வருகிறது என்று பெற்றோர் இருந்த இடத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். அதற்காகவே கம்பெனி வேலையை விட்டவர். இப்போது அதே கம்பெனி திரும்பக் கூப்பிட்டிருந்தது. மறுநாள் காலைக்குள் பதில் சொல்ல வேண்டும். சேர்ந்தால் ஆப்பை மூடிவிட வேண்டும், அது அவர்கள் கண்டிஷன். வீட்டில் போகத்தான் சொன்னார்கள். மனிதர் சோறு இறங்காமல் திரிந்தார்.

அன்று ஷமீமாவிடம் கேட்டே விட்டார்.

"இது ஓடுமா, ஓடாதா? நீங்களே சொல்லுங்க குருவே."

"யாரு யூஸ் பண்றாங்க?"

லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார். வரிசையாக அஞ்சு ஸ்டார். பிரமாதம், அற்புதம், கலக்கிட்டீங்க மாப்ளே என்று ஏகப்பட்ட பாராட்டு. ஷமீமா ஒவ்வொருவராக யார் என்று விசாரித்தாள். மாப்ளே என்று எழுதிய மச்சான் துபாயில் இருந்தார். அற்புதம் என்றவருக்குக் கல்யாணமே ஆகவில்லை. பாதிப் பேர் பழைய ஆபீஸ்காரர்கள், அவர்கள் பிள்ளைகள் காலேஜே முடித்தாகிவிட்டது. நிஜமாக வேனில் போகும் பிள்ளைகளின் பெற்றோரும் ஆப்பில் இருந்தார்கள், அவர்களில் ஒருவரும் ஒரு வார்த்தை எழுதியிருக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

ஷமீமா சிரிக்கவில்லை. லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள். ஆப்பை ஓட்டும் சர்வரை நிறுத்திவிட்டாள்.

சென்னியப்பன் பதறிப்போனார். ஸ்கூல் விடுகிற நேரம், ஜனங்கள் பார்ப்பார்களே என்று கெஞ்சினார். வேன் தன்பாட்டுக்கு வந்து சேரும், ஆப் இல்லாத காலத்திலும் வந்துகொண்டுதானே இருந்தது என்றாள் ஷமீமா. ஆப்பில் உங்கள் நம்பர் இருக்கிறது, வேண்டியவர்கள் கூப்பிடுவார்கள், பேசாமல் உட்காருங்கள் என்றாள்.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தார். ஆப் நின்றுபோனால் தகவல் வர அவரே செய்து வைத்திருந்த ஏற்பாடு, அவரையே எச்சரித்தது. முகம் தொங்கிப்போய் வைத்துவிட்டார்.

டீ வந்தது. ஆறியும் போனது. துபாய் மச்சான் கூப்பிடவில்லை. யாருமே கூப்பிடவில்லை. எனக்குப் பாவமாக இருந்தது. இந்தப் பொண்ணுக்கு இவ்வளவு கல்நெஞ்சு ஆகாது என்று அவள்மேல் கோபம்கூட வந்தது. சென்னியப்பன் கம்பெனிக்குச் சம்மதம் என்று டைப் அடிக்கவே ஆரம்பித்துவிட்டார்.

அப்போது மறுபடி போன். தெரியாத நம்பர். ஸ்பீக்கரில் போட்டார்.

"ஏனுங்க, என்ன ஆப்புங்க இது? வேன் எங்க வருதுன்னே காட்ட மாட்டேங்குது. கடையில வேற ஆள் இல்லீங்க. வேன் பாலத்துக்கிட்ட வந்தாத்தான் நான் கடையைச் சாத்திட்டுப் பிள்ளையைக் கூப்பிடப் போவேன். இப்ப ஷட்டரைப் பாதி இறக்கிட்டு நிக்கறேன். வேன் எங்கீங்க?"

இன்னும் நிறையத் திட்டினார் அந்தம்மா. சென்னியப்பன் ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம் என்று மட்டும் சொன்னார். கண் கலங்கிவிட்டது மனிதருக்கு. போனைக் கையால் பொத்திக்கொண்டு ஷமீமாவைப் பார்த்தார்.

"ஒருத்தர்தான் கூப்பிட்டிருக்காங்க. இதை வெச்சு நான் கம்பெனிக்கு என்னன்னு பதில் சொல்றது?"

ஷமீமா லேப்டாப்பை அவர் பக்கம் தள்ளினாள்.

"கம்பெனி காலை வரைக்கும் காத்திருக்கும் சார். அந்தக்கா பாதிக் கடையைச் சாத்திட்டு நிக்கறாங்க. முதல்ல அவங்களுக்குச் சொல்லுங்க, வேன் எங்கன்னு."