மாப்பிள்ளைக் காந்தல்

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குக் கோபம் வரக் காரணமே தேவைப்படாத காலத்தில், ஒரு ராஜாவுக்குக் காரணமும் சேர்ந்து கிடைத்துவிட்டது. கேட்க வேண்டுமா? ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த அக்கரை நாட்டுக்குத் தூது போன தாண்டவப் பண்டிதர், ஒரு மாதம் விருந்து மாளிகையில் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு, அந்நாட்டைப் பற்றி முந்நூறு ஓலையில் நூல் எழுதிக்கொண்டு திரும்பினார். முதல் ஓலையிலேயே பற்றவைத்திருந்தார்.

"விருந்தில் எனக்குப் பானையில் அடிப்பிடித்த காந்தலைப் படைத்தார்கள் அரசே. இது தங்கள் முகத்தில் பூசிய கரி."

ராஜா போர் முரசு கொட்டச் சொன்னார். அக்கரை நாட்டார் எவர் கால் நம் மண்ணில் பட்டாலும் அந்தக் காலை வெட்ட வேண்டும் என்று ஆணையும் போட்டார்.

அரண்மனை விகடகவி ஆவுடையான் சபைக்கு ஓடி வந்தான். அவன் மகள் கழுத்தில் தாலி ஏறிப் பத்து நாள்கூட ஆகவில்லை. அதற்குள் மாப்பிள்ளை கையில் ஈட்டியைக் கொடுத்து முன்வரிசையில் நிறுத்திவிட்டார்கள். அவனோ பூத் தொடுக்கிறவன். ஈட்டியில் எந்தப் பக்கம் குத்தும் என்று அடுத்தவனைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

"மகாராஜா, பண்டிதர் அங்கே எத்தனை பேரிடம் பேசினாராம்?" என்று கேட்டான் ஆவுடையான்.

"தெருவில் போகிறவர்களிடம் பண்டிதன் பேசுவானா? சாளரத்தின் வழியே அனைத்தையும் கண்டறிந்தேன்" என்றார் தாண்டவர்.

"கிணற்றுத் தவளைகூடத் தண்ணீரில் இறங்கிப் பார்க்கும், சுவாமி."

பண்டிதருக்குச் சுருக்கென்றது. "அரசே, மூன்று நாளில் இவன் ஓர் அக்கரை நாட்டுச் சாட்சியை இச்சபைக்குக் கொண்டுவரட்டும். தவறினால் இவன் தலை போகட்டும். காலை வெட்டும் ஆணையும் அப்படியே இருக்கட்டும்."

ராஜா தலையாட்டினார். அவருக்கென்ன, போகப்போவது இன்னொருத்தன் தலைதானே.

ஆவுடையான் கேட்டதெல்லாம் பண்டிதர் தூது போன பல்லக்கு ஒன்றுதான். அக்கரையில் இறங்கியதும் அரண்மனைப் பக்கமே போகாமல், படகுத்துறையில் உட்கார்ந்து வெற்றிலையை நீட்டினான். இவன் எந்த ஊர் என்று தெரிந்ததும் ஓடக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"மாப்பிள்ளைச் சோத்தை நாய்க்குப் போட்டவரு ஊர்க்காரனா நீ?"

ஆவுடையான் விடுவானா? பேச்சுக் கொடுத்துக் கொடுத்து, அந்தச் சோற்றை வடித்தவள் வீடுவரைக்கும் போய்விட்டான்.

மூன்றாம் நாள் பல்லக்கு சபைக்குள் வந்தது. உள்ளே வேம்பாயி என்கிற சமையற்காரி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"இறங்கு" என்றார் பண்டிதர்.

"மாட்டேன் சாமி. கால் மண்ணுல பட்டா வெட்டுவீகளாமே."

ராஜா ஆணையை மனசுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பட்டால்தான் வெட்டு. பல்லக்கில் இருப்பவளை என்ன செய்ய முடியும்? மீசைக்குள் சிரித்துக்கொண்டு, "பேசு" என்றார்.

"பானைக்கு ஒரு கை காந்தல்தான் தேறும். எங்க ஊருல அதுக்குப் புள்ளைக அடிச்சுக்கும். புது மாப்பிள்ளைக்குன்னுதான் எடுத்து வைப்போம். அதை இவருக்கு வச்சேன். மொறைச்சுப் பாத்துட்டு நாய்க்குப் போட்டாரு. அன்னிக்கு அழுதுட்டேன் சாமி. எங்க ராசாவும் இப்ப படை சேக்குறாரு."

"அங்கே ஒருவரும் என்னிடம் இதைச் சொல்லவில்லையே" என்றார் பண்டிதர்.

"நீங்க யாரைக் கேட்டீக?"

ராஜாவுக்கு நாக்கு ஊறியது. காந்தல் எப்படித்தான் இருக்கும் என்று பார்க்க அடுப்பும் பானையும் வரவழைத்தார். பல்லக்கிலிருந்தபடியே வேம்பாயி பக்குவம் சொன்னாள். "தீ நிதானமா எரியணும். விறகு ஆகாது. காஞ்ச ஓலை இருந்தா நல்லது."

சபை மொத்தமும் பண்டிதரைப் பார்த்தது. ஆவுடையான் அதற்குள் நூலின் கட்டை அவிழ்த்திருந்தான். முந்நூறு ஓலையும் ஒரு பானைக்குச் சரியாக இருந்தது.

ராஜா ஒரு துண்டைக் கடித்தார். மொறுமொறு என்றது. இதற்கா படை எடுத்தோம் என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தாண்டவரே, மறுபடியும் அக்கரைக்குப் போய் மன்னிப்புக் கேட்டு வாரும். நடந்தே போம், வழியில் நாலு பேரிடம் பேசலாம். ஆவுடையா, உனக்கு என்ன வேண்டும்?"

ஆவுடையான் தட்டில் மிச்சமிருந்த காந்தலை எடுத்து வேட்டி முனையில் முடிந்துகொண்டான்.

"இது என் மாப்பிள்ளைக்கு, மகாராஜா. வாங்கிக்கொள்ள அவனுக்குக் கை ஒழியவில்லை. அந்த ஈட்டியை மட்டும் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள்."